வெளியூரில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு: விடுதி இடமும் உதவித்தொகையும் கைக்கு வர

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்து வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். அங்கே கேட்கப்படும் சான்றிதழ்களில் எதற்குமே ரிசல்ட் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. பரீட்சை முடிந்த வாரமே வாங்கி பீரோவில் வைத்திருக்கலாம். வெளியூரில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அரசு தரும் இடமும் பணமும் தமிழ்நாட்டில் கணிசமாகவே இருக்கின்றன. தகுதி இருந்தும் அவை கை நழுவுவதற்கு இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: தேதி தப்பிவிட்டது, அல்லது வங்கிக் கணக்கில் ஒரு சின்னக் கோளாறு. ஆகவே எந்தத் திட்டம் எவ்வளவு தரும் என்று பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தையும் கணக்கையும் சரிசெய்துவிடுவோம்.

முதலில் காகிதம்

இ-சேவை மையத்தில் சேவை எண் சொல்லிக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். சாதிச் சான்றிதழ் ஆர்இவி-101, இருப்பிடச் சான்றிதழ் 102, வருமானச் சான்றிதழ் 103, முதல் பட்டதாரிச் சான்றிதழ் 104. கணவரால் கைவிடப்பட்ட தாயாக இருந்தால் அதற்கான சான்றிதழ் 105. ஒரு விண்ணப்பத்துக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். முதல்முறை போகிறவருக்கு 'கேன்' எண் ஒன்று பதிவுசெய்வார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கு அதுவே போதும்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். அண்ணனுக்குப் போன வருடம் வாங்கினோமே என்று அதையே நீட்டினால் திரும்பி வரும். அதைவிடப் பெரிய சிக்கல் அதில் ஏறும் தொகை. விடுதிக்கும் பெரும்பாலான உதவித்தொகைகளுக்கும் வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா, "மாசம் 25 ஆயிரம் வரும் சார்" என்று நல்ல மாதத்தை மனதில் வைத்துச் சொல்லிவிடுவார். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 3 லட்சம், கதை முடிந்தது. மழை மாதத்தில் வேலை இல்லை, ஆடியில் பாதி நாள் இல்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வருடத்தில் உண்மையில் எத்தனை நாள் வேலை, நாள் கூலி எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு அந்தத் தொகையைச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்கிறோம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் யாரெல்லாம் என்ன படித்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லை என்பதுதான் நிபந்தனை. மற்ற பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் நகலைத் தேடுவதில்தான் நாள் போகும். கலந்தாய்வு வழியாகத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் இந்தச் சான்றிதழ் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாயைக் குறைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது செல்லாது.

பெயர்ப் பிரச்சினையையும் இப்போதே பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால், வங்கியில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயரே முழுசாக. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலில் உள்ளதை மூலமாக வைத்து ஆதாரையும் வங்கியையும் அதற்கு இணங்க மாற்றுங்கள். அதன்படி ஆதாரை மாற்றுவது சுலபம், மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு.

ஆதாரில் இன்னொன்று: 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கண் கருவிழி, புகைப்படம் மூன்றையும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. சின்ன வயதில் எடுத்த ரேகையோடு இருக்கும் ஆதார், விடுதி வருகைப்பதிவிலும் உதவித்தொகைச் சரிபார்ப்பிலும் 'பொருந்தவில்லை' என்று நிற்கும்.

பணம் தொலைகிற இடம்: வங்கிக் கணக்கு

உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். பணம் அதில்தான் வரும் என்று நினைத்து மாதக்கணக்காக பாஸ்புக்கைப் பதிந்துகொண்டிருப்பீர்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் (டிபிடி) நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்க்காது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராகக் கடைசியாக எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ அங்கே போகும். ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் சொன்னார்கள் என்று திறந்து மறந்துபோன ஒரு கணக்கில் இரண்டு வருடப் பணம் தூங்கிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

வங்கிக் கவுண்டரில் "ஆதார் லிங்க் ஆயிருக்கா?" என்று கேட்டால், "ஆயிருக்கு" என்றுதான் பதில் வரும். அது உண்மையும்கூட. கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக, ஆதார் எண் அந்தக் கணக்கில் ஏற்றப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. "டிபிடி வருவதற்கு என்பிசிஐ மேப்பிங் இந்தக் கணக்குக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார் சீடிங் படிவம் ஒன்று தருவார்கள். அதில் 'வேறு வங்கியிலிருந்து இந்த வங்கிக்கு மாற்ற' என்ற கட்டத்தை டிக் செய்து பழைய வங்கியின் பெயரை எழுதி, கையெழுத்திட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மை ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பக்கத்தைத் திறந்தால் எந்த வங்கி, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் கல்லூரி அலுவலகத்தில் பாதிக் கேள்வி அடங்கும்.

கணக்கின் வகையும் முக்கியம். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் அதில் ஒரு வருடத்தில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50 ஆயிரத்தைத் தாண்ட முடியாது, மாதம் 10 ஆயிரத்துக்கு மேல் எடுக்கவும் முடியாது. கல்விக் கட்டணமும் சேர்ந்து வருகிற உதவித்தொகையை ஒரே மாதத்தில் எடுத்துக் கட்ட முடியாமல் போகும். ஆதார் கொடுத்து முழு கேஒய்சி செய்தால் சாதாரணக் கணக்காகிவிடும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே கையாளும் சேமிப்புக் கணக்கைத் திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் 18 முடிந்த நாளில் அது சிறார் கணக்கு என்ற நிலை மாற வேண்டும். புதுப் புகைப்படம், புது மாதிரிக் கையெழுத்து, புதிய கேஒய்சி கொடுக்கும்வரை கணக்கை வங்கி நிறுத்தி வைக்கும். கல்லூரி முதலாண்டில்தான் பெரும்பாலோருக்கு 18 முடிகிறது. முதல் உதவித்தொகையும் அப்போதுதான் வருகிறது. பிறந்தநாள் வரும் மாதத்திலேயே கிளைக்குப் போய்வந்துவிடுங்கள். கணக்கு சொந்த ஊர்க் கிளையில் இருந்தால் ஊருக்கு வரும் விடுமுறையில் முடித்துவிடுவது நல்லது.

அரசு விடுதி: முதலில் இங்கேதான் கேட்க வேண்டும்

தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டிவிட்டு, பிறகு அரசு விடுதியில் இடம் கிடைத்தது என்று திண்டாடுகிறவர்கள் உண்டு. வரிசையை மாற்றுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் நலத்துறைகள் நடத்தும் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' என்று ஒரே பெயர் வைக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறினாலும் நிர்வாகம் அந்தந்தத் துறையிடமே இருக்கிறது. எனவே எந்தத் துறையின் விடுதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் சரியான அலுவலகத்துக்குப் போக முடியும்.

பள்ளி விடுதிகளில் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரை. கல்லூரி விடுதிகளில் பட்டப்படிப்பு, முதுநிலை, பாலிடெக்னிக், ஐடிஐ. உணவும் தங்குமிடமும் இலவசம். உணவுக்காக அரசு ஒதுக்கும் தொகை 2023-இல் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000-லிருந்து 1,400 ரூபாயாகவும், கல்லூரி மாணவருக்கு 1,100-லிருந்து 1,500 ரூபாயாகவும் உயர்ந்தது. இது சமையல் செலவுக்கு விடுதிக்குப் போவது, பிள்ளையின் கையில் வருவதில்லை. ஆகவே "விடுதிப் பணம் எங்கே?" என்று காப்பாளரிடம் கேட்டுச் சண்டை போட வேண்டாம். ஆனால் தட்டில் வருவது அந்தத் தொகைக்குப் பொருந்துகிறதா என்று கேட்கும் உரிமை உண்டு. வாராந்திர உணவுப் பட்டியல் விடுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

தூர விதி ஒன்று இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் குறைந்தது 8 கி.மீ. இருக்க வேண்டும், மாணவிகளுக்கு இந்த விதி கிடையாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இது 5 கி.மீ. சாதியைப் பொறுத்தவரை, பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் மற்ற வகுப்பினருக்கும் குறிப்பிட்ட விகிதத்தில் இடம் உண்டு. 'அது நமக்கான விடுதி இல்லை' என்று கேட்காமலே திரும்பிவிடாதீர்கள். இலங்கைத் தமிழர் முகாம்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

விண்ணப்பம் காப்பாளரிடமோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள துறையின் மாவட்ட நல அலுவலகத்திலோ இலவசமாகக் கிடைக்கும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு இணையவழி விண்ணப்பமும் வந்துவிட்டது. பள்ளி விடுதிக்குக் கடைசித் தேதி ஜூன் நடுவிலும் கல்லூரி விடுதிக்கு ஜூலை நடுவிலும் வருவது வழக்கம். ஒவ்வொரு ஆண்டும் ஆட்சியர் பெயரில் செய்திக்குறிப்பு வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு விண்ணப்பம் போடும்போது சாதி, வருமானச் சான்றிதழ்களை இணைக்க வேண்டியதில்லை. இடம் கிடைத்துச் சேரும்போது கொடுத்தால் போதும். சான்றிதழ் வரவில்லையே என்று கடைசித் தேதியை விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கிற மிகப் பெரிய வீண்.

இடம் இல்லை என்று சொன்னால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். ஜூலையில் சேர்ந்த சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள், சிலர் வீட்டு நினைவில் திரும்பிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை நேரில் போய்க் காப்பாளரையும் மாவட்ட அலுவலகத்துப் பிரிவு எழுத்தரையும் பாருங்கள். போனில் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, நேரில் நின்றால் கிடைக்கும் பதில் வேறு.

சேர்ந்த அன்று பெட்டிக்குப் பூட்டு, வாளி, போர்வை, கொசுவலை எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு அழைக்க உள்ளூரில் ஒருவர் பெயரும் எண்ணும் கேட்பார்கள். யாரோ தெரிந்தவர் எண்ணைக் கொடுப்பதாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளி விடுதிப் பிள்ளையை ஊருக்கு அழைத்துப்போக யார் யார் வரலாம் என்று எழுதிக் கொடுத்துப் புகைப்படமும் ஒட்டிவிட்டால், சித்தப்பா வந்து நின்று வாசலில் காத்திருக்கும் நிலை வராது.

மாதம் வருவதும் வருடம் வருவதும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர் 5 முதல். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களும் 2024 டிசம்பரில் சேர்க்கப்பட்டார்கள். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. பட்டப்படிப்பு மட்டுமல்ல, பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் சேர்த்தி. அஞ்சல்வழிப் படிப்புக்கு இல்லை. வேறு உதவித்தொகை வாங்குகிறவருக்கும் இது உண்டு. இதை வாங்கினால் அது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். யூஎம்ஐஎஸ் என்ற அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளத்தில் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் பதிவேற்றுவார். பள்ளியில் தந்த இஎம்ஐஎஸ் மாணவர் எண்ணை வைத்து எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்று சரிபார்ப்பு நடக்கும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் அங்கே மாட்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இருந்து பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கான சான்றைப் பழைய பள்ளியில் வாங்கி வையுங்கள். அரசு ஐடிஐயில் சேருகிறவருக்கு இதோடு மாதம் 750 ரூபாய் பயிற்சி உதவித்தொகை தனியாக வரும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைதான் ஆணிவேர். திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களும், அவற்றுக்கு மேல் ஒரு பராமரிப்புத் தொகையும் இதில் வரும். ஆதிதிராவிடருக்கான திட்டத்தில் விடுதியில் தங்குகிறவருக்கு அந்தத் தொகை அதிகம்: தொழிற்படிப்புகள் வரும் முதல் பிரிவில் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000, பி.ஏ., பி.எஸ்சி. போன்றவை வரும் மூன்றாம் பிரிவில் 6,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 4,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 2,500. விண்ணப்பத்தில் 'விடுதி மாணவர்' என்ற கட்டத்தைக் கல்லூரி அலுவலகம் டிக் செய்ததா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு டிக் பாதிக்குப் பாதி.

இதில் ஒரு பொறி உண்டு. கட்டணப் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே வருகிறது. வந்த 7 நாளுக்குள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வீட்டில் ஒரு அவசரம், அந்தப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் தேர்வு நுழைவுச்சீட்டு வரும் சமயத்தில் கல்லூரி கழுத்தைப் பிடிக்கும். பணம் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்த அன்றே கட்டணத் தொகையைப் பிரித்துக் கட்டிவிடுங்கள். சேரும்போதே முழுக் கட்டணம் கேட்டால், இந்த உதவித்தொகைக்குத் தகுதியான மாணவர் என்பதற்கான 'ஃப்ரீஷிப் கார்டு' பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி முதலில் கட்டச் சொன்னால் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள். ஆணையில் ஒதுக்கீட்டின் பெயர் அச்சாகியிருக்கும்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் மூன்றைக் கவனியுங்கள். பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் 80-ஆவது சதமானத்துக்கு மேல் எடுத்தவர், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12 ஆயிரம். தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்த, பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஸ்வநாத் திட்டத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம். தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தவர் பெண்ணாக இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் பிரகதி திட்டத்தில் அதே தொகை. பெரியவை என்பதால் போட்டியும் உண்டு. விண்ணப்பித்த பிறகு கல்லூரி அளவில் சரிபார்ப்பு முடிந்ததா என்று தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். 'கல்லூரியில் நிலுவை' என்ற நிலையிலேயே கிடந்து காலாவதியாகும் விண்ணப்பங்கள் ஏராளம்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது: ஆண்டுத் தொகைகள் ஜூலையில் வருவதில்லை. கல்வியாண்டின் பிற்பாதியில்தான் வரும் என்று வைத்துக்கொண்டு, முதல் ஆறு மாதச் செலவை வேறு வழியில் ஓட்டத் திட்டமிடுங்கள்.

கல்லூரி விடுதியும் மெஸ் பில்லும்

கல்லூரியின் சொந்த விடுதியில் அறைவாடகையும் நிர்வாகக் கட்டணமும் நிலையானவை. மெஸ் பில்தான் ஆடும். பல கல்லூரிகளில் 'டிவைடிங் சிஸ்டம்'. அந்த மாத மளிகை, காய்கறி, எரிவாயுச் செலவை எல்லா மாணவரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, செலவு 6 லட்சம், 200 பேர் சேர்ந்து 5,000 நாள் சாப்பிட்டிருந்தால் ஒரு நாளுக்கு 120 ரூபாய். 22 நாள் இருந்தவருக்கு 2,640. இதில் சேமிப்பு எங்கே என்றால், ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வைப்பதில். தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் போனால், முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் 'மெஸ் ரிடக்‌ஷன்' என்று ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விதி இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு ஓடும் அவசரத்தில் அந்தத் துண்டுச்சீட்டை எழுதாமல் போகிறவர்தான் மாதக் கடைசியில் புலம்புவார்.

சேரும்போது கட்டும், பிறகு திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகையான காஷன் டெபாசிட்டின் ரசீதைப் படிப்பு முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். அசல் ரசீது இல்லாமல் திரும்பப் பெறுவது பெரும் அலைச்சல். ஊருக்குப் போகும் ரயிலுக்குக் கல்லூரி முதல்வரிடம் சலுகைப் படிவம் வாங்கினால் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் கட்டணம் பாதி. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது நிலையக் கவுண்டரில்தான் கிடைக்கும், செயலியில் கிடைக்காது.

தனியார் விடுதியில் சேருவதாக இருந்தால்

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் வாடகை ஒப்பந்தமும் முன்பண ரசீதும் பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். பிள்ளை பெயரில் வெறும் துண்டுச்சீட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று வாங்கினால் திரும்பக் கேட்கப் பிடிமானம் இருக்காது.

பெண்களும் 18 வயதுக்கு உட்பட்டோரும் தங்கும் தனியார் விடுதிகள் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். "லைசென்ஸ் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சுவரில் மாட்டியிருந்தால் செல்லுபடித் தேதியைப் படியுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதில் எத்தனை வருடமாகச் சொல்லப்படுகிறது என்பதை அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும்.

பிறகு மாடிப்படி. இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டியிருக்கிறதா, சாவி இரவில் யாரிடம்? 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் குளிர்சாதனப் பெட்டியில் பிடித்த தீயில் இருவர் உயிரிழந்தார்கள். அறை எவ்வளவு அழகு என்பதைவிட, கரண்ட் போனபின் இருட்டில் வாசலுக்கு எப்படி வருவது என்பதைப் பாருங்கள். ஜன்னல் கம்பி உள்ளிருந்து திறக்க முடியாதபடி முழுவதும் பற்றவைக்கப்பட்ட அறை வேண்டாம்.

மாதக் கட்டணத்தோடு ஜிஎஸ்டி என்று ஒரு வரி தனியாகச் சேர்த்தால் நிறுத்திக் கேளுங்கள். 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாத தங்குமிடச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், செமஸ்டர் விடுமுறை மாதத்துக்கு முழு வாடகையா, ஞாயிறு இரவு சாப்பாடு உண்டா: இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு எழுத்தாகப் பதில் வாங்குங்கள். ஆதார் அசலை 'இருக்கட்டும்' என்று வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதியில் சேர வேண்டாம், நகல் போதும். 18 முடிந்து வேலைக்குப் போகும் பெண் என்றால் அரசின் தோழி விடுதிகளில் முதலில் கேளுங்கள். கூடுவாஞ்சேரி, தாம்பரம், திருச்சி எனப் பல இடங்களில் இருக்கின்றன.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

கல்விக் கடனில் விடுதிக் கட்டணத்தையும் சேர்க்கலாம். பலர் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, மெஸ் பில்லுக்குக் கந்துவட்டிக்குப் போகிறார்கள். கல்லூரியிடம் கேட்டு வாங்கும் செலவு விவரச் சான்றில் விடுதி, மெஸ், புத்தகம், கணினி எல்லாம் வருடவாரியாக இருக்க வேண்டும். அதில் இல்லாததை வங்கி தராது. 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், நம் பங்காகப் போட வேண்டிய தொகையும் இல்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள். பிள்ளைக்கு 18 ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்திட்டுக் கடன் தொடங்கும், 18 ஆனதும் பிள்ளை ஒப்புதல் தர வேண்டும். தவணை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு. தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரியில் சேர்ந்திருந்தால் பிஎம் வித்யாலக்ஷ்மி தளம் வழியாக விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவருக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் அதில் உண்டு. வட்டி மானியத்துக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், மறுபடியும் அதே 103.

திரும்பிப் போக வீடு இல்லாத பிள்ளைக்கு

பெற்றோர் இல்லை, அல்லது இருந்தும் அங்கே இருக்க முடியாது: அடி, குடி, கட்டாயக் கல்யாணம். 18 வயதுக்குள் என்றால் அழைக்க வேண்டிய எண் 1098, இரவும் பகலும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பிள்ளையை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் இரவு தங்க வைக்கக் கூடாது. பிள்ளை தானாகவும் போகலாம், ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ அழைத்துப் போகலாம். நல்ல மனசோடு தன் வீட்டிலேயே சொல்லாமல் வைத்துக்கொள்வது ஆபத்து. பிரிந்து வந்த குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது குற்றம்.

குழுவின் முன் பிள்ளை சொல்வதுதான் மையம். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, வீட்டில் யார் யார், யாரிடம் இருந்தால் பயமில்லை என்பதை முன்னதாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் விட்டுப்போகாது. படிக்கிற பள்ளியின் பெயரையும் வகுப்பையும் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். இல்லத்தில் சேர்க்கும்போது படிப்பு அறுந்துபோகாமல் ஏற்பாடு செய்ய அது தேவை.

பாட்டியோ மாமாவோ வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இல்லம் தேவையில்லை, பண உதவி தேவை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72 ஆயிரம், மற்ற இடங்களில் 96 ஆயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 2025 செப்டம்பர் 15 முதல், 18 வயது வரை. எது பொருந்தும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: பெற்றோர் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று, வளர்ப்பவரின் குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், பிள்ளை பெயரில் உள்ள கணக்கின் பாஸ்புக். இறப்புச் சான்றிதழ் பதியாமலே விட்டிருந்தால் அதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும்; அதை முதலில் தொடங்குங்கள்.

இல்லத்தில் வளர்ந்து 18 முடிக்கிற பிள்ளையை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. பின்பராமரிப்பு என்ற ஏற்பாடு 21 வயது வரை, சிறப்புச் சூழலில் 23 வரை உண்டு. தங்குமிடமோ மாத உதவியோ கிடைக்கும். ஆனால் அது தானாக வராது. 17 முடியும்போதே இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையைக் கையில் வாங்க வேண்டும். அந்த ஆணையின் நகல் இரண்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றின் அசலும் இல்லத்து அலமாரியில் அல்லாமல் பிள்ளையின் பெட்டியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.